புறம்போக்குப் பாட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு சரோஜாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

தருமன் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். சுண்டு விரலை விட்டு ஒரு குடை குடைந்தார். தெருவில் கீரைக்காரம்மா கூவியது கணீரென்று கேட்டது. ஆக, காது சரி. போனைத் தட்டினார், உதறினார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். போனுக்குள் சரோஜா வாயசைத்து, சிரித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெறும் ஊமைப் படம்.

சரோஜா காலமாகி ஒரு வருஷம் நாலு மாதம் ஆகிறது. அவளில் மிச்சமிருப்பது இந்த நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடிதான். மகள் கீர்த்தனா ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக எடுத்தது. போட்டோக்கள் நிறைய உண்டு. ஆனால் எந்தப் போட்டோவிலும் அவள் சரோஜாவாக இருக்கமாட்டாள். ஆதார் கார்டுக்கு நிற்கிறவள் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பாள். அவள் குரல் இருந்தது இந்த ஒன்றில்தான். அம்மா போனபிறகு கீர்த்தனா இதை வீடியோ தளத்தில் ஏற்றி, அப்பாவின் போனில் தொட்டால் வருகிற மாதிரி முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போனாள். "நெட்டுல போட்டாச்சுப்பா, இனிமே அழியவே அழியாது" என்று சொல்லிவிட்டு, இடம் போதவில்லை என்று தன் போனில் இருந்ததை அழித்தும்விட்டாள்.

அன்றிலிருந்து காலைக் காபி என்றால் தருமனுக்கு சரோஜா பாடவேண்டும். பாட்டு, மலையைச் சுற்றப் போன ஒரு மறதிக்காரப் புருஷனைப் பற்றியது.

"மலையச் சுத்தி வந்த மவராசா – வாங்கி
வரச் சொன்ன உப்பு எங்க ராசா?"

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் அந்த ஆள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வருவான். இந்திர லிங்கத்தில் நினைவிருந்த உப்பு அக்கினி லிங்கத்தில் ஆவியாகிவிடும். எமலிங்கத்தில் எண்ணெய், நிருதி லிங்கத்தில் நெய்க் கிண்ணம், வருண லிங்கத்தில் குடை, வாயு லிங்கத்தில் செருப்பு. வாயு லிங்கம் வருகிறபோது தருமனுக்குக் கண் மறைத்துவிடும். நிறுத்திவிடுவார். அந்த ஆறாவது லிங்கத்துக்கு மேல் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இது எந்த ஊரு பாட்டுடி?" என்று முன்பு எப்போதோ ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

"எல்லாம் எங்கூர்ல பாடறதுதான்" என்று சொல்லிவிட்டு சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண்டாட்டி எதற்குச் சிரிக்கிறாள் என்று விசாரிக்கிற பழக்கம் தருமனுக்கு இல்லை. அத்தோடு விட்டுவிட்டார்.

வீடியோவில் அவரும் உண்டு. பின்னால் இரண்டு தடவை குறுக்கே போவார், கண்ணாடியைத் தேடிக்கொண்டு. கண்ணாடி அவர் தலைமேல்தான் இருக்கும். சரோஜா திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துப் பாடுவாள்.

அந்தப் பாட்டுதான் இப்போது ஊமை.

காபி ஆறியது. தருமன் சட்டையை மாட்டிக்கொண்டு தேரடி வீதியில் முருகவேலின் மொபைல் கடைக்குப் போனார். முருகவேல் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் போயிடுச்சு சார்" என்றான். போனைப் பிரித்தான். வேறொன்றை வைத்து மூடினான். இப்போது போனுக்குப் புதிதாக ஒரு நோய் வந்தது. யார் பேசினாலும் ஊரே கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் பேசும், குறைக்க முடியாது. சரோஜா மட்டும் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் கீர்த்தனாவைக் கூப்பிட்டார்.

"ஸ்பீக்கர மாத்தினியா? என்னக் கேக்காம ஏம்ப்பா மாத்தின? அது காபிரைட்டுப்பா!" என்று கீர்த்தனா பேருந்து முழுவதற்கும் விளக்கினாள். "ஆலங்குயில் ஆடியோஸ்னு ஒரு கம்பெனி. அந்தப் பாட்டு அவங்களுதாம். மெஷினே கண்டுபுடிச்சி சத்தத்த வெட்டிடுச்சு. எனக்கு மெயில் வந்துருக்குது."

"உங்கம்மா பாடினது எப்படிடி கம்பெனிக்காரன்து ஆவும்?"

"சாயங்காலம் பேசறேம்ப்பா, மீட்டிங்ல இருக்கறேன். நீ எதையும் தொடாத!"

முன்சீட்டிலிருந்த ஒருவர் திரும்பி, "அந்தக் கம்பெனி மேல கேஸு போடுங்க சார்" என்றார். எதையும் தொடாதே என்று மகள் சொன்னதை தருமன் அந்த நிறுத்தத்திலேயே மறந்துவிட்டார். வீட்டுக்குப் போய் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே வேங்கிக்காலுக்கு விட்டார்.

தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர் அவர். பட்டா, சிட்டா, அடங்கல் என்று காகிதத்திலேயே வாழ்ந்தவர். வீட்டில் எதை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். கீழ்நாச்சிப்பட்டு சர்வே எண்கள் மறக்காது. எது யாருடைய சொத்து என்பதில் தன்னை யாரும் ஏய்க்க முடியாது என்று ஓர் இறுமாப்பு உண்டு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இ-சேவைக் கடை வைத்திருக்கிற சுரேஷ்குமாருக்கு அவர் பழைய வாடிக்கை.

"இவ்ளோதானே சார்? ஒரே கிளிக்கு" என்றான் சுரேஷ்குமார்.

முப்பது வயதுக்காரன். சாதிச் சான்றிலிருந்து சொர்க்கவாசல் டிக்கெட் வரைக்கும் ஒரே கிளிக்கில் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்வான். கீர்த்தனாவின் கணக்குப் பெயரும் பாஸ்வேர்டும் தருமனின் டைரியில் இருந்தன. படிவம் திறந்தது.

"உரிமையாளர் யாருன்னு கேக்குது. உங்க பேரப் போட்டுடறேன்."

"பாடினது அவதான் தம்பி."

"அவங்க இல்லியே சார், ஓடிபி யாருக்கு வரும்? உங்களதே போட்டுடறேன். ஆதாரம் கேக்குது."

"இன்னா ஆதாரம்?"

"அவங்க உங்க வீட்டம்மான்னு ஒரு ப்ரூஃப் இருந்தா போதும்."

தருமன் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்தார். குடும்பத் தலைவி என்ற இடத்தில் இன்னும் சரோஜாவின் படமும் பெயரும்தான். பேரை நீக்கிக்கொண்டு வரச் சொல்லி ரேஷன் கடையில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். "மறந்துட்டேம்பா" என்பார் தருமன். உலகத்தில் அவர் மறக்காத காரியம் அது ஒன்றுதான். அவள் பேரைத் தன் கையால் எழுதி அடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஆக, பாட்டு தன்னுடையது என்பதற்கு ஆதாரமாக ரேஷன் கார்டைக் கொடுத்த முதல் மனிதர் என்ற பெருமை தருமனுக்கே சேரும். சுரேஷ்குமார் கிளிக் செய்தான். தருமன் நிம்மதியாக ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்தார். வந்த பிறகுதான் மொபெட்டை வேங்கிக்காலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

மறுநாள் காலை மொபெட்டை எடுக்கப் போனவருக்கு சுரேஷ்குமார் நாற்காலி போட்டான். நல்ல சேதி என்றால் அவன் நாற்காலி போடமாட்டான்.

"ரிஜெக்ட் பண்ணிட்டான் சார். பொய்யா உரிமை கோரினதா சொல்லி மொத்த வீடியோவையும் எடுத்துட்டான்."

"எடுத்துட்டான்னா?"

"இப்ப முகமும் வராது. ஏழு நாளைக்குள்ள சரியான ஆதாரம் குடுக்கலன்னா மொத்தமா அழிச்சிடுவான். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

தருமன் போனில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது. முதல் நாள் குரல் போனது. இப்போது ஆளும் போனாள். ஒரு மனுஷிக்கு இரண்டு தடவை கொள்ளி வைக்கச் சொன்னால் யார்தான் தாங்குவார்கள்?

"அழுவாதீங்க சார். மெயில்லயே அந்தக் கம்பெனி நம்பர் இருக்குது. பேசிப் பாருங்க."

தருமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார். போனுக்குத்தான் ரகசியம் பேசத் தெரியாதே. வாரிசுச் சான்றுக்கு வந்தவர், முதியோர் உதவித்தொகைக்கு வந்தவர்கள் என்று கடையிலிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

"ஆலங்குயில் ஆடியோஸ், சட்டப் பிரிவு. வினோதினி பேசறேன், சொல்லுங்க சார்."

தருமன் சொல்லவில்லை, கத்தினார். மனைவி இறந்ததை, கீரை ஆய்ந்ததை, ஸ்பீக்கர் மாற்றியதை, ரேஷன் கார்டைக் கொடுத்ததை எல்லாம் முன்பின்னாகச் சொல்லி முடித்தார். அந்தப் பெண் நடுவில் குறுக்கிடவில்லை.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றாள். உண்மையாகத்தான் சொன்ன மாதிரி இருந்தது. "ஆனா அந்தப் பாட்டு எங்க ஆல்பத்துல வந்திருக்கு. வரிகள் மாறன்னு பதிவாகியிருக்கு."

"யாரு அந்த மாறன்? மெட்ராசுல குந்திக்கினு எங்கூரு எமலிங்கத்தப் பத்தி எழுதினாரா? அவரு ஒரு தபா மலைய சுத்தி இருப்பாராம்மா?"

"அவர் உங்க பக்கத்துல ஒரு ஸ்கூல் ஆண்டு விழாவுல பசங்க பாடிக் கேட்டதா சொன்னார். கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கலாம். சரி சார், அவர் எழுதலன்னா வேற யார் எழுதினாங்க? பேர் சொல்லுங்க. அவங்க பேர்லயே மாத்திடலாம். எழுதினவங்க இறந்துபோயிருந்தாக்கூட, அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு உரிமை அவங்க வாரிசுங்களுக்குத்தான். பேரும் அவங்களதுதான் நிக்கும்."

"அறுவது வருசமா? எங்க ஆபீசுல ஒரு பட்டா மாத்தவே அவ்ளோ நாளாவும். யாருமே எழுதல தாயி. இது காலங்காலமா பாடறது. என் பொஞ்சாதி ஊர்ல எல்லாரும் பாடுவாங்க."

"அப்ப அது பப்ளிக் டொமைன், சார். பொதுச்சொத்து. யாருக்கும் தனி உரிமை கிடையாது, யார் வேணாலும் பாடலாம்."

தருமனின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாக இருட்டில் துழாவிக்கொண்டிருந்தவருக்குப் பழகின கதவு கையில் தட்டுப்பட்டது.

"அதாவது புறம்போக்கு!" என்றார்.

"சார்?"

"புறம்போக்கும்மா! ஏரி, குளம், வண்டிப்பாதை மாதிரி. பட்டா கெடையாது, பொதுவுல கெடக்குது. அதுக்குப் போயி உங்க மாறன் பட்டா வாங்கியிருக்காரு. ஆக்கிரமிப்பு!"

"அப்படியும் வச்சுக்கலாம் சார்" என்று சிரித்தாள் வினோதினி. "அத நிரூபிங்க, நாங்களே விட்டுடறோம். நோட்டரி முன்னாடி உறுதிமொழிப் பத்திரம் ஒண்ணு. இது பழைய பாட்டு, எழுதினவர் யாருமில்லன்னு. ஊர்க்காரங்க அஞ்சு பேர் கையெழுத்து."

முப்பத்தோரு வருஷம் புறம்போக்கைக் கட்டிக் காத்தவரிடமா இதைச் சொல்வது? சுரேஷ்குமார் பத்திரத்தை அங்கேயே அடித்துக் கொடுத்தான். 'மேற்படி பாடல் தொன்றுதொட்டு வழங்கி வருவது என்றும், இதை இயற்றியவர் எவரும் இலர் என்றும், இதன்மீது என் மனைவிக்கோ எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித பாத்தியமும் இல்லை என்றும் சத்தியமாக உறுதி கூறுகிறேன்.' பாத்தியம் என்ற சொல்லை தருமனே சேர்க்கச் சொன்னார். பத்திரம் என்றால் அது இருக்கவேண்டும்.

கையெழுத்து வேட்டை மறுநாள் காலை தொடங்கியது. முதல் தடவை பேனாவை மறந்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை பேனா இருந்தது, பத்திரத்தைக் காணோம். மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்து இருந்தன.

பெரிய தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கும் மண்ணாங்கட்டி, விஷயத்தைக் கேட்டதும் கிளாசைக் கழுவிய கையைத் துண்டில் துடைத்தார்.

"சரோஜாம்மா பாட்டா? எங்கம்மா என்னத் தாலாட்டினதே இந்தப் பாட்டுதானுங்களே!"

"மெய்யாலுமா?"

"உங்களாண்ட பொய் சொல்லுவனா? ஐம்பது வருசம் ஆவுது. குடுங்க பேனாவ."

கோபுரத்து வாசலில் பூக்கட்டும் மூர்த்திக்கு ஐம்பது வருஷம் கம்மியாகப் பட்டது. "எங்க தாத்தா பாடுவாரு சார். அவுரு தாத்தாவும் பாடியிருக்காருன்னா பாத்துக்கங்க. எறநூறு வருசம் எழுதிக்கங்க" என்றார். மூன்றாவதாக, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ரேணுகாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை முழுக்கப் படித்தார். "உப்பு, எண்ணெய், நெய் எல்லாம் வருது பாருங்க. பண்டமாற்றுக் காலத்துப் பாட்டு. ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கொறையாது" என்று தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர். தெருநாய் பிடிக்கும் மனு என்று நினைத்துப் போட்டார்.

ஆக, பொழுது உச்சிக்கு வருவதற்குள் பாட்டுக்கு இரண்டாயிரம் வயதாகிவிட்டது. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண்டாட்டியை இழந்த மனுஷன் காகிதமும் கையுமாக வெயிலில் வந்து நிற்கிறபோது, எனக்குத் தெரியாது என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கு வாய் வரும்?

ஐந்தாவது கையெழுத்துக்கு தருமன், சரோஜா இருபத்திரண்டு வருஷம் சமைத்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே சத்துணவுக் கூடத்தில் சரோஜாவுக்கு உதவியாளாக இருந்த ஆராயிதான் இப்போது தனியாளாகச் சமைக்கிறாள். தருமனின் ஊர்க்காரி; அவரை அண்ணா என்றும் சரோஜாவை அண்ணி என்றும் கூப்பிடுவாள். அவர் போனது சரியாகச் சோற்று நேரம். தட்டும் கையுமாக நூற்றைம்பது பிள்ளைகள் வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாண்ணா, இந்நேரத்துல?" ஆராயி சாம்பார் அண்டாவிலிருந்து நிமிராமலே கேட்டாள்.

"ஒரு கையெழுத்து வேணும் ஆராயி. சரோஜா விசயமா."

"பென்சனா? அண்ணிக்கு வர வேண்டியது இன்னும் வரலியா?"

"அதில்ல, இது வந்து..."

"டேய், தள்ளாதீங்கடா! முட்ட எல்லாருக்கும் இருக்குது!" ஆராயி கரண்டியை இடது கைக்கு மாற்றினாள். வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். "அண்ணி விசயம்னா படிச்சா பாக்கப் போறேன்? கண்ண மூடிக்கினு போடறேண்ணா."

சொன்னபடியே போட்டாள். ஒரு சொட்டு சாம்பாரும் பத்திரத்தில் விழுந்தது. என்ன பத்திரம் என்று சொல்ல வாயெடுத்த தருமன், பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதை மறந்துவிட்டு வெளியே வந்தார்.

நோட்டரி வக்கீல் முத்திரை குத்தினார். சுரேஷ்குமார் ஸ்கேன் செய்து அனுப்பினான். அதற்குப் பிறகு ஐந்து நாள் ஒரு பதிலும் இல்லை. தருமன் காலைக் காபியை நிறுத்திவிட்டார். போட்டால் குடிக்க முடியவில்லை. சாம்பல் கட்டத்தைத் தொட்டுப் பார்ப்பார், வைத்துவிடுவார். சரோஜா போன புதிதில்கூட வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. ஒரு நாள் அந்தப் பாட்டைத் தானே பாடிப் பார்த்தார். அக்கினி லிங்கத்துக்கு மேல் வரிகள் வரவில்லை. தினம் கேட்ட பாட்டு. அதையும் மறந்தவன் என்ன மனுஷன் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஏழாம் நாள், பதினொரு மணிக்கு வினோதினி கூப்பிட்டாள்.

"ஜெயிச்சுட்டீங்க சார்! வீடியோ திரும்ப வந்துடுச்சு, சத்தத்தோட."

தருமன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"உங்க பத்திரம் ரொம்பத் தெளிவா இருந்துச்சுன்னு எங்க மேனேஜரே சொன்னார். மாறன் பேரை எடுத்துட்டோம். இனிமே எல்லா இடத்துலயும் 'பாரம்பரியப் பாடல், இயற்றியவர் எவருமில்லை'ன்னுதான் வரும். உங்க பத்திரத்தையே ஆதாரமா சேர்த்துட்டோம். நாளைக்கு யார் வந்து இது என்னுதுன்னு சொன்னாலும் செல்லாது."

"ஆக்கிரமிப்ப எடுத்தாச்சு" என்றார் தருமன், குரல் தழுதழுக்க.

"ஆமா சார். எங்களுக்கும் வசதிதான். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம் பாருங்க. நானும் பாத்தேன் சார். அம்மா ரொம்ப அழகாப் பாடறாங்க."

தருமனுக்கு அந்தச் சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. கீர்த்தனா போனை எடுக்கவில்லை. சரோஜாவை அறிந்த யாரிடமாவது காட்டியாகவேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். மொபெட் வாசலில் நின்றது அவருக்கு நினைவில்லை.

சத்துணவுக் கூடத்தில் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வர இன்னும் அரை மணி இருந்தது. ஆராயி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆராயி, இங்க பாரு, யாரு வந்துருக்கான்னு!"

போனை அரிசி மூட்டைமேல் சாய்த்து வைத்துத் தொட்டார். ஊரே கேட்கிற அந்தப் பெருங்குரல் போனிலிருந்து சரோஜா பாடினாள். முருகவேல் செய்த வேலையில் ஒரு நன்மை இருந்தது என்றால் அது இதுதான். பழைய ஓட்டுக் கூரை முழுவதும் சரோஜாவின் குரலாக இருந்தது.

"ஐயோ, அண்ணி!" என்றாள் ஆராயி. பூண்டு கையிலிருந்து உருண்டது.

இந்திர லிங்கம் போனது. அக்கினி லிங்கம், எமலிங்கம் போயின. பின்னால் தருமன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு குறுக்கே போனார். வாயு லிங்கத்தில் செருப்பும் போனது. வழக்கம்போல தருமனின் கண் மறைத்தது. நிறுத்தக் கையை நீட்டினார். ஆராயி தடுத்தாள்.

"இருங்கண்ணா. கடைசி அடிய கேக்காம நிறுத்தினா எப்படி?"

குபேர லிங்கத்தில் அந்த ஆள் கூடையையே தொலைத்தான். பிறகு எட்டாவது லிங்கம். ஈசானிய லிங்கம், சுடுகாட்டுப் பக்கம் இருப்பது. சரோஜாவைக் கொண்டுபோனதும் அந்த வழியாகத்தான். அங்கே வந்ததும் சரோஜாவின் பாட்டு மெதுவானது. சிரிப்பு அடங்கி, கீரையைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டு பாடினாள்.

"ஈசானிய லிங்கத்தாண்ட இருட்டாத்தான் இருக்கும் ராசா
எத நீ மறந்தாலும் எம் பேர மறக்காதே ராசா."

அவ்வளவுதான் பாட்டு. தருமன் குலுங்கிக் குலுங்கி அழுதார். வெட்கப்படாமல் அழுதார். ஆராயியும் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"இத அழிக்கப் பாத்தானுங்க ஆராயி" என்றார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. அழுகைக்குள்ளேயே கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. "நான் விடுவனா? முப்பத்தோரு வருச சர்வீசு! இது யாரோ எந்தக் காலத்துலயோ பாடினது, கட்டினவங்கன்னு ஒருத்தரும் கெடையாது, புறம்போக்குன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்து ஜெயிச்சிட்டேன். உன் கையெழுத்துகூட அதுல இருக்குது. இனிமே எவனும் இதுக்கு ஒரு பேரச் சொல்லிக்கினு வர முடியாது."

ஆராயி மூக்குச் சிந்துவதை நிறுத்தினாள். போனில் உறைந்து நின்ற சரோஜாவைப் பார்த்தாள். பிறகு அவள் பின்னால் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறவரைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இப்பிடி பண்ணிட்டீங்க? நீங்க மலைய சுத்திட்டு உப்ப மறந்துட்டு வந்த ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாளு, இதே அடுப்பாண்ட குந்திக்கினு சிரிச்சி சிரிச்சி ஒவ்வொரு அடியா அண்ணி கட்டின பாட்டாச்சே இது!"